கண்டெடுத்துக் கொடுத்தவருக்கு நாம் தர வேண்டியது

 



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து மக்கள் கலைந்த பின், சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் ஹவுளின் அருகே கிடந்த சிறிய தோல்பை ஒன்றை என்னிடம் கொண்டு வந்து கொடுத்தார். அதில் பணம் இருந்தது. சற்று நேரத்தில் பைக்கு உரியவர் பதறியபடி ஓடி வந்தார். அடையாளங்களைக் கேட்டேன், சரியாகச் சொன்னார், பையைக் கொடுத்தேன். அவர் செய்த முதல் காரியம், கண்டெடுத்தவரின் கண் முன்னேயே பணத்தை எண்ணியதுதான். ஒரு முறை அல்ல, மூன்று முறை எண்ணினார். தொகை சரியாகவே இருந்தது. ஆயினும் அந்தத் தொழிலாளியை ஏற இறங்கப் பார்த்து, "வேறு யாரும் இதைத் திறக்கவில்லையே?" என்று கேட்டார். அதன் பிறகே நூறு ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினார். தொழிலாளி அதை வாங்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஹஜ்ரத், இனிமேல் கீழே எது கிடந்தாலும் நான் குனிய மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு சொல் இன்றளவும் என் உள்ளத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. தொலைந்த பொருளைக் கண்டெடுத்துக் கொடுத்தவருக்கு எவ்வளவு வெகுமதி கொடுக்க வேண்டும் என்று நம்மில் பலர் மார்க்கத் தீர்ப்புக் கேட்டு வருகிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அதற்கும் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கொடுக்க வந்தவரை நாம் எந்தக் கண்ணோடு பார்க்கிறோம்? இவ்விரு கேள்விகளுக்கும் வரலாறு தரும் விடைகளை இக்கட்டுரையில் காண்போம்.

மதுரை மறக்கக்கூடாத பாடம்

தொலைந்த பொருள் ஒன்றினால் ஒரு நகரமே எரிந்தது என்று சொல்லும் காப்பியம் நம் மதுரையைப் பற்றியதுதான். இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தைப் பள்ளிப் பாடத்தில் படிக்காதவர் நம்மில் குறைவு. பாண்டிமாதேவியின் காற்சிலம்பு காணாமல் போகிறது. அதைக் களவாடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். பிழைப்புத் தேடிப் புகாரிலிருந்து வந்த கோவலன், தன் மனைவி கண்ணகியின் ஒற்றைச் சிலம்பை விற்பதற்காக அவனிடமே போய் விலை கேட்கிறான். தன் திருட்டை மறைக்க இதுவே தருணம் என்று கண்ட பொற்கொல்லன், தேவியின் சிலம்பைத் திருடியவனைக் கண்டுபிடித்துவிட்டதாக அரசனிடம் போய்ச் சொல்கிறான். ஊடலில் இருந்த அரசியைத் தேற்றச் சென்றுகொண்டிருந்த நெடுஞ்செழியன், நின்று விசாரிக்கவில்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவருமாறு கட்டளையிடுகிறான். கோவலன் வெட்டுண்டு மடிகிறான்.

பிறகு கண்ணகி அரசவைக்கு வந்து வழக்குரைக்கிறாள். அங்கே எழுந்த கேள்வி மிக எளியது. சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் என்ன? தன்னுடையது மாணிக்கப் பரல் என்கிறாள் கண்ணகி. தம்முடையது முத்துப் பரல் என்கிறான் அரசன். சிலம்பை உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது. அரசன் உயிர் துறந்தான், அரசியும் மாண்டாள், நகரம் தீக்கிரையானது.

இது காப்பியம், வரலாற்று ஆவணம் அன்று. ஆயினும் இதில் ஒரு பேருண்மை பொதிந்திருக்கிறது. உண்மையை அறிய ஒரே ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. அந்தக் கேள்வி ஓர் உயிர் போன பிறகு கேட்கப்பட்டது. பொருளின் அடையாளத்தை விசாரிக்க வேண்டிய இடத்தில், அதைக் கையில் வைத்திருந்த மனிதனின் மீது சந்தேகம் முந்திக்கொண்டது. என் எதிரே நின்ற அந்தத் தொழிலாளிக்கு நேர்ந்ததும், அளவில் சிறியதாயினும், இதே வகையைச் சேர்ந்ததுதான்.

நபிகளார் (ஸல்) கற்றுத்தந்த விசாரணை

கண்டெடுக்கப்பட்ட பொருளை மார்க்கச் சட்டத்தில் 'லுகதா' என்பார்கள். ஹதீஸ் நூல்களிலும் ஃபிக்ஹு நூல்களிலும் இதற்கென்றே தனிப் பாடம் உண்டு. கீழே கிடக்கும் பொருளைப் பற்றி ஒருவர் கேட்டபோது, அது வைக்கப்பட்டிருக்கும் பையையும் அதைக் கட்டியிருக்கும் கயிற்றையும் நன்கு அறிந்து வைத்துக்கொண்டு, ஓராண்டு காலம் அறிவிப்புச் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஸைத் இப்னு காலித் அல்ஜுஹனீ (ரலி) அவர்கள் வழியாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. வழி தவறிய ஆட்டைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அது உமக்கோ, உம் சகோதரருக்கோ, ஓநாய்க்கோ உரியது என்றார்கள். ஒட்டகத்தைப் பற்றிக் கேட்கப்பட்டபோதோ, அதனிடம் நீரும் உண்டு, நடக்கக் கால்களும் உண்டு. அதை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும் என்று கூறிவிட்டார்கள். அழியக்கூடியதைக் காப்பாற்ற வேண்டும். தானே பிழைத்துக்கொள்ளக்கூடியதை உரியவர் தேடி வரும்வரை விட்டுவிட வேண்டும் என்ற நுட்பம் இதில் இருக்கிறது.

உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள் 100 தீனார் கொண்ட பை ஒன்றைக் கண்டெடுத்தபோது, அறிவிப்புச் செய்யுமாறு அவர்களுக்கும் கட்டளையிடப்பட்டது. உரியவர் கிடைக்காமல் மீண்டும் மீண்டும் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். பையையும் எண்ணிக்கையையும் முடிச்சையும் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

சகோதரர்களே! பையையும் முடிச்சையும் எண்ணிக்கையையும் ஏன் அறிந்து வைக்க வேண்டும்? உரிமை கோரி வருபவரிடம் கேட்பதற்காகத்தான். விசாரிக்கப்பட வேண்டியவர் உரிமை கோருபவர், கண்டெடுத்தவர் அல்லர். கண்டெடுத்தவரின் நேர்மையைக் காப்பதற்கு மார்க்கம் வேறொரு வழியைத் தந்திருக்கிறது. எடுத்தவுடனே சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும், மறைக்கக்கூடாது என்று இயாழ் இப்னு ஹிமார் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் வந்துள்ளது. பின்னாளில் எவரும் அவர் மீது பழி சுமத்தாமல் இருக்க இந்தச் சாட்சியே அவருக்குக் கேடயம்.

கொண்டு சேர்த்தவர் மீதே பழி விழுவது புதிதல்ல. பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்து மாலை தொலைந்தது. அதைத் தேடிச் சென்ற நேரத்தில், அன்னையவர்கள் சிவிகையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு படை நகர்ந்துவிட்டது. பின்னால் வந்த ஸஃப்வான் இப்னு முஅத்தல் (ரலி) அவர்கள் அன்னையவர்களைக் கண்ணியத்துடன் தம் ஒட்டகத்தில் ஏற்றி, தாம் அதை நடத்திக்கொண்டு வந்து படையினரிடம் சேர்த்தார்கள். அந்த நற்செயலுக்கு நயவஞ்சகர்கள் கொடுத்த பரிசு அவதூறு. மதீனா ஒரு மாத காலம் கலங்கியது. இறுதியில் அல்லாஹ்வே சூரத்துந் நூரின் வசனங்களை இறக்கி அவர்களின் தூய்மையை உலகறியச் செய்தான். அவதூறைக் கேட்டால் நல்லெண்ணம் கொள்வதும், ஆதாரமின்றிப் பழி பேசாதிருப்பதும் முஃமின்களின் கடமை என்று அவ்வசனங்கள் நமக்குப் பாடம் புகட்டுகின்றன.

வெகுமதி அறிவித்தால்

இனி வெகுமதிக்கு வருவோம். தொலைந்ததைக் கொண்டு வருபவருக்கு இன்னது தருவேன் என்று அறிவிக்கும் வழக்கம் மிகப் பழமையானது. யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில், மன்னரின் அளவைக் குவளை காணாமல் போனபோது, அதைக் கொண்டு வருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் தரப்படும் என்றும், அதற்குத் தாமே பொறுப்பு என்றும் அறிவிப்பாளர் கூறியதைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. இத்தகைய அறிவிப்புக்கு 'ஜுஆலா' என்று பெயர். இதை ஆகுமாக்கிய அறிஞர்கள் இந்நிகழ்ச்சியை ஆதாரங்களுள் ஒன்றாகக் காட்டுகிறார்கள்.

நம் மதுரை வட்டாரத்தில் ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் அண்டை வீட்டாராக வாழ்கிறோம். எனவே இரு மத்ஹபுகளின் நிலையையும் அறிந்திருப்பது நல்லது. ஷாஃபிஈ மத்ஹபில், ஒருவர் வெகுமதியை அறிவித்து, அந்த அறிவிப்பைக் கேட்டு மற்றொருவர் தேடிக் கொண்டு வந்து கொடுத்தால், அறிவித்த தொகை அவருக்கு உரிமையாகிவிடும். அதைக் குறைக்க முடியாது. அறிவிப்பே இல்லாமல் கொண்டு வந்தவர் வெகுமதியை உரிமையாகக் கேட்க முடியாது. அத்துடன், கொண்டு வந்த பொருளை வெகுமதி கைக்கு வரும்வரை பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் எழுதியிருக்கிறார்கள். பொருளைக் கொடுப்பது முதலில். வெகுமதியைப் பெறுவது பிறகு.

ஹனஃபி மத்ஹபில், இன்னார் என்று குறிப்பிடாமல் பொதுவாக அறிவிக்கப்படும் இத்தகைய ஒப்பந்தத்தை ஏற்பதில்லை. ஓடிப்போன அடிமையை மூன்று நாள் பயணத் தொலைவிலிருந்து மீட்டுக் கொண்டு வந்தவருக்கு 40 திர்ஹம் உண்டு என்பதை மட்டும் விதிவிலக்காக ஏற்றார்கள். ஏனைய பொருட்களில் கண்டெடுத்தவர் செய்தது நற்செயல். உரியவர் மனமுவந்து கொடுப்பது அன்பளிப்பு. ஆனால் இதே மத்ஹபில்தான், எடுக்காவிட்டால் அப்பொருள் அழிந்துபோகும் என்ற அச்சம் இருந்தால் அதை எடுத்துப் பாதுகாப்பது கட்டாயக் கடமை என்றும் சொல்லப்பட்டுள்ளது. அப்படியானால், "இனிமேல் நான் குனிய மாட்டேன்" என்று ஒருவரைச் சொல்லவைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். ஒரு மனிதரை அவருடைய கடமையிலிருந்தே விரட்டிவிடுகிறோம்!

உரிமையாக இல்லாவிட்டாலும் நன்றி என்ற ஒன்று இருக்கிறது. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவராக மாட்டார் என்றும், நமக்கு நன்மை செய்தவருக்குக் கைம்மாறு செய்ய வேண்டும், அதற்கு ஒன்றும் இல்லையெனில் அவருக்காக துஆச் செய்ய வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்திருக்கிறார்கள்.

ஐந்நூறு தீனாரை மறுத்தவர்

ஹிஜ்ரி 535-இல் (கி.பி. 1141) பக்தாதில் மறைந்த காழீ அபூபக்ர் முஹம்மது இப்னு அப்துல் பாகீ அல்அன்ஸாரி (ரஹ்) அவர்களைப் பற்றி, ஹன்பலி அறிஞர்களின் வரலாற்றை எழுதிய இமாம் இப்னு ரஜப் (ரஹ்) அவர்கள் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார்கள். காழீ அவர்கள் மக்காவில் தங்கியிருந்தபோது ஒரு நாள் கடும் பசி. கையில் ஒன்றுமில்லை. அப்போது பட்டுக் குஞ்சத்தால் கட்டப்பட்ட பட்டுப் பை ஒன்று கிடைத்தது. வீட்டில் வைத்துத் திறந்து பார்த்தால், அதற்கு முன் கண்டிராத முத்து மாலை! வெளியே வந்தபோது, துணியில் முடிந்த 500 தீனாரை ஏந்தியபடி, முத்துப் பையைத் திருப்பித் தருபவருக்கு இது உரியது என்று ஒரு முதியவர் கூவிக்கொண்டிருந்தார். காழீ அவர்கள் அவரை வீட்டிற்கு அழைத்துச் சென்று, பையின் அடையாளம், குஞ்சத்தின் அடையாளம், முத்துக்களின் எண்ணிக்கை, அவை கோக்கப்பட்ட நூல் ஆகியவற்றையெல்லாம் கேட்டார்கள். அனைத்தும் பொருந்தின. பையைக் கொடுத்துவிட்டார்கள். முதியவர் 500 தீனாரை நீட்டினார். இதைத் திருப்பித் தருவது என் மீது கடமை, கடமைக்குக் கூலி வாங்க மாட்டேன் என்று காழீ அவர்கள் மறுத்துவிட்டார்கள். முதியவர் எவ்வளவோ வற்புறுத்தியும் பயனில்லை.

பின்னர் காழீ அவர்கள் கடற்பயணம் சென்றபோது கப்பல் உடைந்தது. ஒரு பலகையைப் பற்றிக்கொண்டு மிதந்து ஒரு தீவில் கரை ஒதுங்கி, அங்கிருந்த பள்ளிவாசலில் அமர்ந்து குர்ஆன் ஓதினார்கள். அவ்வூரார் அவர்களிடம் குர்ஆனும் எழுத்தும் கற்றுக்கொண்டார்கள். அவ்வூரிலேயே தங்கச் சொல்லி அனாதைப் பெண் ஒருத்தியை மணமுடித்தும் வைத்தார்கள். மணநாளில் அப்பெண்ணின் கழுத்தைப் பார்த்த காழீ அவர்கள் திகைத்துப் போனார்கள். அதே முத்து மாலை! முதியவர் அப்பெண்ணின் தந்தை. மாலையைத் திருப்பித் தந்தவரைப் போன்ற ஒரு முஸ்லிமை உலகில் தாம் கண்டதில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அவரை மீண்டும் சந்தித்துத் தம் மகளை அவருக்கே மணமுடித்து வைக்க வேண்டும் என்று துஆச் செய்தவராகவே மறைந்தாராம்.

இந்நிகழ்ச்சியில் கண்டெடுத்தவரின் பெருந்தன்மையை எல்லோரும் பேசுவோம். தொலைத்தவரின் பண்பையும் கவனியுங்கள். அவர் கையில் வெகுமதியை ஏந்திக்கொண்டே தேடினார். கேட்ட அடையாளங்களைப் பொறுமையாகச் சொன்னார். வெகுமதியைக் கொடுக்க வற்புறுத்தினார். அது மறுக்கப்பட்டபோது, "செலவு மிச்சம்" என்று மறந்துவிடவில்லை. ஆயுள் முழுதும் துஆவாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சட்டத்தின் எல்லை

இப்னு பதூதா 1340-களில் மஃபர் சுல்தான்களின் ஆட்சிக் காலத்தில் நம் மதுரைக்கும் வந்து சென்றவர். மலபார் வழியே பயணம் செய்ததைப் பற்றி அவர் எழுதுகையில், அதைவிடப் பாதுகாப்பான பாதையைத் தாம் கண்டதில்லை என்கிறார். ஒரு கொட்டையைத் திருடினாலும் அங்கே மரண தண்டனையாம். ஆகவே மரத்திலிருந்து விழுந்த பழத்தையும் உரியவரைத் தவிர வேறு எவரும் எடுப்பதில்லையாம். அச்சத்தினால் வந்த நேர்மை அது. பிறர் பொருளைத் தொடாமல் இருக்க அச்சம் போதும். அதை எடுத்துப் பாதுகாத்து, உரியவரைத் தேடிச் சென்று கொடுக்க அச்சம் போதாது. அதற்கு மனம் வேண்டும்.

நம் நாட்டுச் சட்டமும் கண்டெடுத்தவரை மறந்துவிடவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆவது பிரிவு, கண்டெடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டவரை, அப்பொருளைப் பாதுகாக்க ஒப்புக்கொண்டவரின் நிலையில் வைக்கிறது. நாம் அமானிதம் என்று சொல்வதற்கு நெருங்கிய கருத்து அது. 168-ஆவது பிரிவின்படி, அவர் தாமாக முன்வந்து பட்ட சிரமத்திற்கும் செலவுக்கும் ஈடு கேட்டு வழக்குத் தொடர முடியாது. ஈடு கிடைக்கும்வரை பொருளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். உரியவர் குறிப்பிட்ட வெகுமதியை அறிவித்திருந்தால், அதைக் கேட்டு வழக்குத் தொடரவும் உரிமை உண்டு. உரியவரைக் கண்டறிய வழியிருந்தும் தேடாமல் பொருளைத் தனதாக்கிக்கொள்வது குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403-ஆவது பிரிவில் இருந்த இக்குற்றம், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 314-ஆவது பிரிவாக உள்ளது.

1913-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் விசாரித்த வழக்கு ஒன்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாகச் சொல்லித்தரப்படுகிறது. கான்பூரைச் சேர்ந்த கெளரி தத் என்பவரின் மருமகன் முறைச் சிறுவன் வீட்டைவிட்டு ஓடிவிட்டான். அவரிடம் கணக்கராக வேலை பார்த்த லால்மன் சுக்லா, சிறுவனைத் தேட ஹரித்துவாருக்கு அனுப்பப்பட்டார். அவர் சென்ற பிறகு, கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் தருவதாகத் துண்டறிக்கை வெளியிடப்பட்டது. லால்மன் ரிஷிகேஷில் சிறுவனைக் கண்டுபிடித்துக் கொண்டு வந்து சேர்த்தார். பின்னர் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டபோது, அறிவித்த வெகுமதியைக் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். அறிவிப்பை அறியாமலேயே அவர் சிறுவனைக் கண்டுபிடித்தார் என்பதாலும், தேடுவது அவருடைய வேலையாகவே இருந்தது என்பதாலும் வழக்கு தள்ளுபடியானது.

அறிவிப்பை அறியாதவருக்கு உரிமை இல்லை என்ற அளவில் இத்தீர்ப்பு நம் ஷாஃபிஈ நூல்களின் கருத்தோடு ஒத்துப்போகிறது. சட்டப்படி அந்த முதலாளி வென்றார். ஆனால் தொலைந்த பிள்ளையைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்திய மனிதர் நீதிமன்றப் படியேறும் நிலை வந்ததே, அது அந்த வீட்டுக்குப் பெருமையா? உரிமை எதுவரை என்று சட்டம் சொல்லும். நன்றி எதுவரை என்று நம் உள்ளம்தான் சொல்ல வேண்டும்.

நம் ஜமாஅத்தில் செய்ய வேண்டியவை

பள்ளிவாசலுக்குள் தொலைந்த பொருளைத் தேடிக் கூவுவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். பள்ளிவாசல்கள் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. பள்ளியின் வாசலில் நின்று அறிவிக்குமாறு சட்ட அறிஞர்கள் வழிகாட்டியுள்ளார்கள். ஆகவே நம் பள்ளியிலும் வெளிவாசல் அறிவிப்புப் பலகையை இதற்குப் பயன்படுத்தலாம். கண்டெடுத்த பொருளுக்கென ஒரு பதிவேடு வைத்து, பெற்றுக்கொள்ளும்போதே இருவர் முன்னிலையில் எண்ணிப் பார்த்து எழுதி, கண்டெடுத்தவருக்கு ஓர் ஒப்புகைச் சீட்டும் தரலாம். அப்படிச் செய்தால், உரியவர் பின்னர் அவர் முன்னிலையில் மூன்று முறை எண்ண வேண்டிய அவசியமே இராது. பலகையில் பொருளின் வகையை மட்டும் எழுதி, அடையாளங்களை மறைத்து வைக்க வேண்டும். விலையுயர்ந்த பொருளாயின் காவல் நிலையத்திற்கும் தெரிவித்துவிட வேண்டும்.

பொருளைத் திரும்பப் பெறுபவர் முதலில் ஸலாமும் நன்றியும் சொல்லட்டும். வெகுமதி அறிவித்திருந்தால் சொன்ன தொகையைக் குறைக்காமல் கொடுக்கட்டும். அறிவிக்காவிட்டாலும் தம் வசதிக்கும் பொருளின் மதிப்புக்கும் ஏற்ப, பிச்சை போடுவது போல் அல்லாமல், அன்பளிப்பாகக் கொடுக்கட்டும். கொண்டு வந்தவர் ஆட்டோ ஓட்டுநராக இருந்தால் அன்று அவர் இழந்த சவாரியையாவது எண்ணிப் பார்க்கட்டும். அவர் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும் நன்றியில் வேறுபாடு கூடாது. கண்டெடுத்தவரோ, வெகுமதி வந்தாலும் வராவிட்டாலும், தாம் செய்தது அமானிதத்தை உரியவரிடம் சேர்த்த கடமை என்ற மனநிறைவோடு செல்லட்டும்.

அன்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சென்ற அந்தத் தொழிலாளியை அடுத்த ஜும்ஆவில் கண்டு, கையைப் பிடித்து ஸலாம் சொன்னேன். அவருக்காக துஆச் செய்வதாகவும் சொன்னேன். அவர் சிரித்தார், பதில் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மீண்டும் ஒருமுறை குனிவாரா என்பது எனக்குத் தெரியாது. அடுத்து நம் வாசலுக்கு ஒரு பொருளோடு வருபவரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதை நம்மால் தீர்மானிக்க முடியும்.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைப்பவர்களாகவும், ஒப்படைத்தவர்களைக் கண்ணியப்படுத்துபவர்களாகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.